வேகச் சோதனையில் நூறு, திரையில் சுழலும் வட்டம்: வீட்டு இணையத்தில் வீடியோ ஏன் தடைபடுகிறது?

நூறு மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். வேகச் சோதனைத் தளத்தைத் திறந்தால் தொண்ணூற்றைந்து காட்டுகிறது. ஆனால் இரவு படம் பார்க்க உட்கார்ந்தால் அடிக்கடி படம் உறைந்து நின்று, நடுவில் வட்டம் சுழலத் தொடங்குகிறது. சேவை நிறுவனத்தை அழைத்தால் தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள், அல்லது இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். பலர் மாறியும் விடுகிறார்கள். மாறிய பிறகும் வட்டம் சுழல்கிறது.

வேகம் என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது. வீடியோ நிறுவனத்தின் சேவையகம், அதையும் நம் சேவை நிறுவனத்தையும் இணைக்கும் பாதை, சேவை நிறுவனத்தின் உள்வலையமைப்பு, தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பி, ரவுட்டர், வைஃபை, கடைசியாகத் திரை இருக்கும் சாதனம் என ஏழு கண்ணிகளைக் கடந்துதான் ஒரு காட்சி நம்மிடம் வந்து சேர்கிறது. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எதையும் மாற்றுவதற்கோ வாங்குவதற்கோ முன்னால், பழுது எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் செலவில்லை, சற்றுப் பொறுமையும் ஒரு நெட்வொர்க் கேபிளும் இருந்தால் போதும்.

## வீடியோ எப்படி வந்து சேர்கிறது

இணையத்தில் பார்க்கும் வீடியோ, குழாயில் தண்ணீர் வருவதுபோல் சீராக வருவதில்லை. முழுப் படமும் சில வினாடிகள் நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் மங்கலானது, சுமாரானது, துல்லியமானது எனப் பல தரங்களில் தயாராக இருக்கும். எந்தத் துண்டு எங்கே, எந்தெந்தத் தரத்தில் கிடைக்கும் என்ற பட்டியலை முதலில் பெற்றுக்கொண்டு, நம் சாதனத்தில் உள்ள பிளேயர் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும், 2012-இல் சர்வதேசத் தரநிலையாக வெளியான டேஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்தது என்பதைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று பிளேயர் முடிவு செய்கிறது. பாதை நெரிசலாக இருந்தால் தரத்தை இறக்கும், சீரானால் ஏற்றும். வாங்கிய துண்டுகளை உடனே காட்டிவிடாமல் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கும். அந்த இருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். ஒரு துண்டு நான்கு வினாடி நீளமும், அதன் தரம் வினாடிக்கு 5 மெகாபிட்டும் என்றால், அந்தத் துண்டின் அளவு 20 மெகாபிட். வினாடிக்கு 20 மெகாபிட் தரும் இணைப்பில் அது ஒரே வினாடியில் வந்துவிடும். மீதி மூன்று வினாடியில் பிளேயர் இன்னும் சில துண்டுகளை வாங்கி இருப்பைப் பெருக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். இருப்பில் முப்பது வினாடிக்கான படம் இருந்தால், இணைப்பு பத்து வினாடி முழுதாக அறுந்து மீண்டும் வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரிகிறது. வட்டம் சுழல்கிறது என்றால் இருப்பு முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று பொருள். பிளேயர் தரத்தை இறக்கிப் பார்த்தும் சமாளிக்க முடியாத அளவுக்கு, பல வினாடிகள் துண்டுகள் வராமல் போயிருக்கின்றன. சராசரி வேகம் நன்றாக இருக்கும் வீட்டிலும் இது நடக்கலாம். ஏனென்றால் ஒரு நிமிடத்தின் சராசரி, அந்த நிமிடத்துக்குள் இருந்த பதினைந்து வினாடி வறட்சியை மறைத்துவிடும்.

## உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்

இணைய வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு பைட் கணக்கில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். அது பழுது அல்ல, கணக்கு.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1080 தரத்துக்கு 5 மெகாபிட்டும், 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. யூடியூப் 1080-க்கு 5, 4கே-க்கு 20 என்கிறது. ஒரே வீட்டில் இரண்டு திரைகளில் 4கே ஓடி, இன்னொருவர் காணொளி அழைப்பில் இருந்தாலும் 50 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு உள்ள சாதாரண வீட்டில் வீடியோ நிற்கிறது என்றால், திட்டத்தின் வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 100 எங்கோ வழியில் தொலைகிறது, அல்லது விட்டுவிட்டு வருகிறது. 300-க்கு மாறினாலும் ஓட்டை அதே இடத்தில்தான் இருக்கும்.

## வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மூன்று

1. தாமதம். ஒரு கேள்வி இங்கிருந்து போய்ப் பதில் திரும்ப எடுக்கும் நேரம். மில்லி வினாடியில் அளக்கப்படுகிறது. வீடியோவைப் பொறுத்தவரை 20 மில்லி வினாடிக்கும் 60 மில்லி வினாடிக்கும் பெரிய வேறுபாடில்லை. அரை வினாடியைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டையும் கேட்டு வாங்குவதே தாமதமாகும்.

2. நடுக்கம். தாமதம் ஒரே சீராக இல்லாமல் 20, 25, 400, 22 என ஏறி இறங்குவது. இதைத் தொழில்நுட்பப் பேச்சில் ஜிட்டர் என்பார்கள்.

3. பாக்கெட் இழப்பு. தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பயணிக்கிறது. வழியில் சில தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். இணையத்தின் பெரும்பகுதியைச் சுமக்கும் டிசிபி நெறிமுறையின் வழக்கமான வடிவங்கள், ஒரு பாக்கெட் தொலைந்தால் அதைப் பாதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பிறகு படிப்படியாகத்தான் ஏற்றுகின்றன. அதனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பாக்கெட் தொலைந்தாலே வேகம் பல மடங்கு சரியலாம்.

## அறிகுறியே பாதி விடை

திரையில் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். எல்லாவற்றையும் "பஃபர் ஆகிறது" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பலருக்கு வழி தவறுகிறது.

1. வட்டம் சுழல்கிறது, ஒலியும் நிற்கிறது: துண்டுகள் வரவில்லை. சேவையகம் முதல் வைஃபை வரை எங்கும் பழுது இருக்கலாம்.

2. படம் நிற்கவில்லை, ஆனால் மங்கலாகிறது, சில நிமிடத்தில் தெளிகிறது: வேகம் ஏறி இறங்குகிறது. பிளேயர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

3. எப்போதும் ஒரே மங்கலான தரம், ஆனால் தடையே இல்லை: இது பெரும்பாலும் இணையச் சிக்கல் அல்ல. சந்தா வகை, செயலியின் தர அமைப்பு, சாதனத்தின் உரிமப் பாதுகாப்பு நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. வட்டம் வரவில்லை, ஒலி தடையின்றிக் கேட்கிறது, படம் மட்டும் குதித்துக் குதித்து நகர்கிறது: துண்டுகள் வந்துவிட்டன, அவற்றை விரித்துக் காட்டச் சாதனத்தால் முடியவில்லை.

5. ஒரு செயலியில் மட்டும் நிற்கிறது, மற்றவை நன்றாக ஓடுகின்றன: வீட்டுக்குள் தேடுவதற்கு முன்னால் அந்தச் சேவையையும் அதற்குச் செல்லும் பாதையையும் சந்தேகிக்க வேண்டும்.

யூடியூபைக் கணினி உலாவியில் பார்க்கும்போது, ஓடும் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்றொரு தெரிவு இருக்கும். அது திறக்கும் சிறு கறுப்புப் பலகையில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். பஃபர் நிலையைக் காட்டும் வரியில் இருப்பு எத்தனை வினாடி என்பது தெரியும். அது 40, 36, 31, 24 என்று இறங்கிக்கொண்டே வந்து பூச்சியத்தைத் தொடும்போது வட்டம் தோன்றினால் குறை பாதையில் இருக்கிறது. இருப்பு 40-இல் அப்படியே நிற்க, கைவிடப்பட்ட காட்சிச் சட்டங்களின் எண்ணிக்கை மட்டும் மளமளவென்று ஏறினால் குறை சாதனத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோய்களை இந்தப் பலகை ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடுகிறது.

## பாதையை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

தேடலில் மிகப் பயனுள்ள சோதனை இதுதான். ஒரு மடிக்கணினியை நெட்வொர்க் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, வழக்கமாகத் தடைபடும் நேரத்தில் அதே வீடியோவை ஓடவிட வேண்டும். கேபிளில் தடையில்லாமல் ஓடி, வைஃபையில் நின்றால், குறை வைஃபையில். சேவை நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. கேபிளிலும் நின்றால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டரிலிருந்து வெளியே தேட வேண்டும்.

கேபிள் இல்லாதவர்கள், ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை மில்லி வினாடியில் காட்டும் பிங் கட்டளையால் இதே பிரிவினையைச் செய்யலாம். கணினியின் கட்டளைச் சாளரங்கள் இரண்டைப் பக்கம் பக்கமாகத் திறந்துகொள்ள வேண்டும். இடப்பக்கச் சாளரத்தில் ரவுட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் அனுப்ப வேண்டும். அந்த முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும், கணினியின் நெட்வொர்க் அமைப்பிலும் தெரியும். வலப்பக்கச் சாளரத்தில் 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் ஓடவிட்டபடியே அதே கணினியில் வீடியோவைப் பார்க்க வேண்டும்.

இடப்பக்கம் 2, 3, 2, 2 என அமைதியாக ஓடவேண்டிய எண்கள் திடீரென 2, 340, பதிலில்லை, 510 என்று துள்ளினால், வீட்டின் சுவர்களுக்குள்ளேயே தரவு தொலைகிறது. அப்போது வலப்பக்கமும் கூடவே துள்ளும். அதற்கு வெளியே காரணம் தேட வேண்டாம். இடப்பக்கம் அமைதியாக இருக்க வலப்பக்கம் மட்டும் துள்ளினால், குறை ரவுட்டருக்கு அப்பால். இரண்டும் அமைதியாக இருந்தும் வீடியோ நின்றால், வீடியோ சேவையகமோ அதற்குச் செல்லும் குறிப்பிட்ட பாதையோ சாதனமோதான் காரணம். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். எனவே எப்போதோ ஒரு துள்ளலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. வட்டம் சுழலும் கணத்தோடு துள்ளல் பொருந்துகிறதா என்பதே சான்று.

## வைஃபை: பழுதுகள் அதிகம் ஒளிந்திருக்கும் கண்ணி

வைஃபையைக் கேபிள்போல நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கேபிளில் இரு திசையிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும்; ஒரு சாதனத்தின் கேபிளை இன்னொன்று தொடாது. வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு பிரிவில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்க வேண்டும். ஆக, வைஃபையில் பங்கிடப்படுவது நேரம்.

இதனால் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. கடைசி அறையில் இருக்கும் ஒரு பழைய போன், சிக்னல் குறைந்ததால் வினாடிக்கு 6 மெகாபிட் வீதத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். 300 மெகாபிட் வீதத்தில் பேசும் தொலைக்காட்சி ஒரு பாக்கெட்டுக்கு எடுக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு நேரத்தை அந்தப் போன் அதே அளவு தரவுக்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் போனில் பெரிதாக எதுவும் பதிவிறக்கம் ஆகாவிட்டாலும், ரவுட்டருக்கு அருகிலேயே இருக்கும் தொலைக்காட்சி தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும். "என் தொலைக்காட்சியில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறதே" என்ற குழப்பத்துக்கு விடை பல வீடுகளில் இதுதான்.

அலைவரிசையைத் தேர்வதில் இரண்டு வழிகள் பொதுவாக உள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்தக் குறுகிய இடத்தில்தான் நெருக்குகின்றன. ரவுட்டரின் பின்னால் செருகிய யுஎஸ்பி 3.0 வன்தட்டு கூட இந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பது பலருக்குத் தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் ஓரிரு கான்கிரீட் சுவர்களிலேயே அது தளர்ந்துவிடும். தொலைக்காட்சியும் ரவுட்டரும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்த வேண்டும். பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால் தொலைக்காட்சி 2.4-இல் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, தொலைக்காட்சியை 5-இல் கட்டிவைப்பது எளிய தீர்வு.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. அதன் சில சேனல்கள் வானிலை ரேடார், ராணுவ ரேடார் ஆகியவற்றோடு பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. அந்தச் சேனல்களில் இயங்கும் ரவுட்டர் ரேடார் அலையை உணர்ந்தால் உடனே சேனலை விட்டு வெளியேற வேண்டும். அதேபோன்ற இன்னொரு சேனலுக்குப் போவதானால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கலாம். வாரத்தில் சில முறை, காரணமே இல்லாமல் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு நிமிடம் காணாமல்போய்த் திரும்பினால் இதைச் சந்தேகிக்கலாம். சேனலைத் தானியங்கியில் விடாமல் 36 முதல் 48 வரை உள்ளவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

ரவுட்டர் இருக்கும் இடம் இதையெல்லாம்விட முக்கியம். அழகுக்காக அதைத் தொலைக்காட்சியின் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைப்பது, விளக்கை ஏற்றிக் குடத்துக்குள் வைப்பதற்குச் சமம். உலோகம், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டித் தண்ணீர் ஆகியவை அலைகளைத் தடுக்கும் அல்லது உறிஞ்சும். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே சரி. சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டும் செயலிகள் உள்ளன; எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் போனை வைத்துப் பார்த்தால் −50 என்பது மிக நல்லது, −67 வரை வீடியோவுக்குப் போதும், −75-க்கு அப்பால் போனால் தடைகள் வரத் தொடங்கும்.

வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே அதைப் பொருத்துவது. கேட்காததை அது எப்படி எடுத்துச் சொல்லும்? சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் பாதி வழியில் பொருத்த வேண்டும். அப்போதும் ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் திரும்பச் சொல்லும் ரிப்பீட்டர், கிடைக்கும் வேகத்தைப் பாதியாக்கிவிடும். தொலைக்காட்சி நகராத பொருள். அதற்கு ஒரு கேபிளை இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. பல தொலைக்காட்சிகளின் கேபிள் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தராது என்பது உண்மை. 4கே-க்கு 20 மெகாபிட் போதும் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

## பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கம் ஏன் நிற்கிறது

யாரும் எதையும் பதிவிறக்காத நேரத்தில்கூட வீடியோ நின்றால், வீட்டில் ஏதோ ஒரு போன் புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேற்றத்துக்கும் பதிவிறக்கத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழும். வந்து சேரும் தரவுக்கு நம் சாதனம் "கிடைத்தது" என்ற சிறு ஒப்புகையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒப்புகை வராவிட்டால் சேவையகம் மேற்கொண்டு அனுப்பாது. அந்த ஒப்புகைகள் போவதும் பதிவேற்றப் பாதையில்தான்.

பதிவேற்ற வேகம் 5 மெகாபிட் உள்ள வீட்டில், மோடமோ ரவுட்டரோ 1 மெகாபைட் அளவுக்கு வரிசை கட்டி வைக்கும் இடம் கொண்டது என்று கொள்வோம். புகைப்படங்கள் அந்த வரிசையை நிரப்பிவிட்டால், அது 8 மெகாபிட், தீர 1.6 வினாடி ஆகும். அதற்குப் பின்னால் வந்து நிற்கும் ஒரு துளி ஒப்புகையும் 1.6 வினாடி காத்திருக்கும். சும்மா இருக்கும்போது 18 மில்லி வினாடி காட்டிய பிங் திடீரென ஆயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். இணைய நெறிமுறைகளில் நீண்ட அனுபவம் கொண்ட ஜிம் கெட்டிஸ் 2010-ஆம் ஆண்டில் தம் சொந்த வீட்டு இணைப்பிலேயே இதை ஆராய்ந்து, பஃபர்புளோட் என்று பெயரிட்டார். நினைவகச் சில்லுகள் மலிவானதால் தயாரிப்பாளர்கள் வரிசைக்கான இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியதே இதன் வேர். நன்மைக்கென்று செய்தது தாமதமாக மாறியது.

இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து வரிசையை ஒழுங்குபடுத்துகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுக்கும் அதன் மேம்பட்ட வடிவமான எஃப்கியூ கோடெல் 2018-இல் இணையத் தரநிலை அமைப்பான ஐஇடிஎஃப்பின் சோதனைநிலை ஆவணமாக வெளியானது. சில ரவுட்டர்களில் இது எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும். ரவுட்டர்களில் நிறுவக்கூடிய ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருளிலும் கிடைக்கிறது. அதை இயக்கி, அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வைக்க வேண்டும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றும். கிடைப்பது சீரான ஓட்டம். மிகப் பழைய ரவுட்டரின் புராசஸர் இந்த வேலையைத் தாங்காமல் உச்ச வேகத்தைக் குறைத்துவிடலாம். இந்த வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், புகைப்படச் சேமிப்பையும் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவேற்றத்தையும் எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு மாற்றி வைக்கலாம்.

## ரவுட்டரும் கேபிளும்

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால், அது தீர்வாகாது; துப்பு. சூடு, நினைவகக் கசிவு, பழைய மென்பொருள் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். காற்றோட்டம் தந்து, மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் சில நாட்களுக்கு ஒருமுறை அணைக்க வேண்டியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு கிகாபிட் ஓட வேண்டிய கேபிள் 100 மெகாபிட்டில் மட்டும் ஓடினால், உள்ளே இருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும். கேபிளை மாற்றினால் போதும்.

## வீட்டுக்கு வெளியே

கேபிள் சோதனையிலும் வீடியோ நின்றால், அடுத்து பார்க்க வேண்டியது கம்பி. கண்ணாடி இழை இணைப்பு வைத்திருப்பவர்கள் அந்த இழை வந்து சேரும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாக உள்ள ஜிபான் வகை இணைப்புகளில் பெட்டியின் ஏற்புத் திறன் வழக்கமாக −27 டிபிஎம் வரைதான். −26, −27 என்று விளிம்பில் நின்றால், எங்கோ இழை கூர்மையாக மடங்கியிருக்கலாம் அல்லது இணைப்பு முனையில் தூசி படிந்திருக்கலாம். அப்போது இணைப்பு முழுதாக அறுவதில்லை, விட்டுவிட்டுத் தடுமாறும். சுவர் மூலையிலோ கதவிடுக்கிலோ இழை நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே முதல் வேலை.

ஜிபான் இணைப்பில் வினாடிக்கு சுமார் 2.5 கிகாபிட் பதிவிறக்கத் திறனை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக்கொள்கின்றன. காலையில் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் எல்லாச் செயலிகளும் தடுமாறினால், இந்தப் பங்கீட்டிலோ அதற்கு மேலே சேவை நிறுவனத்தின் உள்வலையமைப்பிலோ நெரிசல் இருக்கிறது. இதைப் பயனர் வீட்டுக்குள்ளிருந்து சரிசெய்ய முடியாது.

ஒரு சேவை மட்டும் தடுமாறினால் வேகச் சோதனையின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான சோதனைத் தளங்கள் நமக்கு மிக அருகில் உள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுத்து அளக்கின்றன. பல நேரங்களில் அது நம் சேவை நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும். 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய ஃபாஸ்ட் என்ற தளமோ, அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்களிலிருந்து அளக்கிறது. முன்னது 95-உம் பின்னது 6-உம் காட்டினால், இரண்டு நிறுவனங்களின் வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில் அடைப்பு இருக்கிறது அல்லது அந்தப் போக்குவரத்து மட்டும் மட்டுப்படுத்தப்படுகிறது. இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2013 இறுதியில் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வேகம் சரிந்து, 2014 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் நேரடி இணைப்புக்கு ஒப்பந்தம் செய்த பிறகே மேலேறியது. அந்த இடைக்காலத்தில் ரவுட்டரை மாற்றியவர்களுக்கு அதனால் பயன் கிடைத்திருக்காது.

நம் தரவை வேறொரு சேவையகம் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் இங்கே ஒரு சோதனைக் கருவியாக உதவும். விபிஎன் இயக்கியதும் வீடியோ சீராக ஓடினால், வழக்கமான பாதையில்தான் அடைப்பு என்று உறுதியாகிவிடும். அதையே நிரந்தர மருந்தாக்குவது சரியல்ல. பாதை நீளும், சில சேவைகள் விபிஎன் வழியாக வருபவர்களை அனுமதிப்பதில்லை.

டிஎன்எஸ் மாற்றினால் வீடியோ வேகமாகும் என்ற அறிவுரை எங்கும் பரவியிருக்கிறது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் சேவை. வீடியோவைச் சுமப்பது அதன் வேலை அல்ல. ஆனால் மறைமுகமாக அது விளையாடும். பெரிய வீடியோ நிறுவனங்கள் தம் படங்களைப் பல ஊர்களில் உள்ள சேவையகங்களில் நகலெடுத்து வைத்திருக்கின்றன. அவற்றில் எது நமக்கு அருகில் உள்ளது என்பதைச் சில நிறுவனங்கள் நம் டிஎன்எஸ் எங்கிருந்து கேட்கிறது என்பதை வைத்து ஊகிக்கின்றன. அதனால் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு மாறும்போது, சில சமயம் தொலைவில் உள்ள சேவையகத்துக்கு அனுப்பப்பட்டு வீடியோ மோசமாகவும் கூடும். மாற்றிப் பார்க்கலாம், பலனில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிட வேண்டும்.

நேரலைக்குத் தனிக் கணக்கு. இன்னும் நடக்காத காட்சியை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாது என்பதால் நேரலையில் இருப்பு மிகக் குறைவு. திரைப்படத்தில் தெரியாமல் போகும் சிறு தடுமாற்றம் நேரலையில் உடனே தெரிந்துவிடும். சேவையகமே திணறும் நாட்களும் உண்டு. 2024 நவம்பர் 15 அன்று மைக் டைசன், ஜேக் பால் மோதிய குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோது, உச்சத்தில் ஒரே நேரத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள் இயங்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது; ஏராளமானோர் படம் நின்றதாகப் புகார் செய்தனர். அன்றைக்கு எந்த வீட்டிலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

## சாதனமே காரணமாகும்போது

வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2018-இல் வெளியான ஏவி1 போன்ற புதிய கோடெக்குகள் குறைந்த தரவில் அதே தரத்தைத் தருகின்றன. ஆனால் விரிப்பதற்கு அதிக உழைப்பு தேவை. அதற்கெனத் தனிச் சில்லு இல்லாத பழைய சாதனம், பொதுப் புராசஸரால் அதைச் செய்ய முயன்று திணறும், சூடேறும், சட்டங்களைக் கைவிடும். தரத்தை ஒரு படி குறைத்ததும் குதிப்பது நின்றால் காரணம் உறுதி.

உரிமப் பாதுகாப்பு இன்னொன்று. ஆண்ட்ராய்டு சாதனங்களில் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையின் முதல் நிலைச் சான்று இல்லையென்றால், பல சேவைகள் உயர்தரப் படத்தைத் தருவதே இல்லை. 4கே படத்துக்கு எச்டிஎம்ஐ வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி 2.2 முறையை ஏற்க வேண்டும். இடையில் ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தாலும் தரம் இறங்கிவிடும். இந்த மங்கலுக்கு இணையத்தைத் திட்டிப் பயனில்லை.

## புகார் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை

கேபிள் சோதனையில் குறை வெளியே என்று தெரிந்தபின், "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்ற ஒரு வரியோடு அழைத்தால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலோடு முடிந்துவிடும். பின்வருபவை கையில் இருந்தால் உரையாடல் வேறு திசையில் செல்லும்:

1. தடைபட்ட நாளும் நேரமும், குறைந்தது மூன்று நாட்களுக்கு.
2. ரவுட்டரில் கேபிள் மூலம் இணைத்த கணினியில் அதே நேரத்தில் எடுத்த வேகச் சோதனை முடிவுகள், இரண்டு வெவ்வேறு தளங்களில்.
3. ரவுட்டருக்கும் வெளி முகவரிக்கும் அனுப்பிய பிங் பதிவுகள்.
4. கண்ணாடி இழைப் பெட்டியின் ஒளி அளவும், அப்போது எரிந்த விளக்குகளின் நிறமும்.

மாலையில் மட்டும் வரும் பழுதுக்குத் தொழில்நுட்பப் பணியாளர் காலை பதினொரு மணிக்கு வந்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். குறையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், புகாரும் முடித்துவைக்கப்படும். அது அவர் தவறு அல்ல. ஆகவே பழுது தோன்றும் நேரத்திலேயே வரும்படி கேட்க வேண்டும். முடியாதென்றால், கேபிளில் இணைத்த கணினியில் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை பிங் கட்டளையை நேரக் குறிப்போடு ஒரு கோப்பில் ஓடவிட்டு, அந்தக் கோப்பைப் புகார் எண்ணோடு இணைத்து அனுப்ப வேண்டும்.